எலியும் நம் பொறுப்பும்



அணுசக்தித் துறை ஊழியர்கள் குடியிருக்கும் அணுபுரத்தில், நண்பர் ஒருவரின் வீட்டு விருந்துக்குச் சென்றிருந்தேன். அவருடைய பத்து வயதுப் பையன் ஒரு கம்பிக் கூண்டைக் கொண்டுவந்து என் முன் வைத்தான். உள்ளே இரண்டு வெள்ளை எலிகள். சென்னையில் ஒரு கடையில் வாங்கியவையாம். "ஹஜ்ரத், இதை வளர்க்கக் கூடாதென்று அத்தா சொல்றாங்க. நாளைக்கு ஏரிக்கரையில் விட்டுடுவாங்களாம்" என்றான். கூண்டிலிருந்த தண்ணீர்க் கிண்ணம் காய்ந்து கிடந்தது. ஏனென்று கேட்டேன். "கொல்லலாம்னு மார்க்கம் சொன்ன பிராணிக்குத் தண்ணி எதுக்குன்னு அண்ணன் கேட்டான்" என்றான்.

அத்தா சொன்னதில் நியாயம் உண்டு. அண்ணன் கேட்டதுதான் நாம் நின்று யோசிக்க வேண்டிய கேள்வி.

பிராணிகளை வளர்ப்பது பொதுவாக ஆகுமானதே. அபூ உமைர் என்ற சிறுவர் வளர்த்த சின்னஞ்சிறு குருவியைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்ததை ஹதீஸில் காண்கிறோம். ஆனால் எலியின் நிலை வேறு. ஹரம் எல்லைக்குள்ளும் கொல்ல அனுமதிக்கப்பட்ட ஐந்து பிராணிகளில் அதுவும் ஒன்று. அவற்றுக்கு 'ஃபாஸிக்', அதாவது வரம்பை மீறியவை என்று பெயர். அந்த ஐந்தையும் வீட்டில் வைத்து வளர்ப்பது கூடாதென்று ஷாபிஈ சட்ட நூல்கள் கூறுகின்றன. எலி வாய் வைத்த தண்ணீர் மக்ரூஹ் என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். உயிருள்ள எலியின் உடல் நஜீஸ் அல்லவென்றாலும், அதன் சிறுநீரும் புழுக்கையும் நஜீஸ் என்பது ஷாபிஈ மத்ஹப். தொழுகைப் பாயும் உடையும் உள்ள வீட்டில் இது சிறு விஷயமல்ல. எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீரால் பரவுவதையும் மறந்துவிடக் கூடாது. 'இது வெள்ளை எலிதானே, விளக்குத் திரியை இழுக்காதே' என்று சிலர் வாதிக்கலாம். ஆனாலும் பேணுதலான வழி, வாங்காமல் இருப்பதே.

எனினும் கொல்ல அனுமதி வேறு, வதைக்க அனுமதி வேறு. ஓர் எலி விளக்குத் திரியை இழுத்து வந்து நாயகம் (ஸல்) அவர்கள் அமர்ந்திருந்த விரிப்பில் போட்டு, ஒரு திர்ஹம் அளவுக்கு எரித்துவிட்டது. அப்போது அவர்கள் தோழர்களுக்குக் கற்பித்தது, உறங்கும்போது விளக்கை அணைத்து விடுங்கள் என்பதே. முதலில் நம்முடைய கவனம். பிறகே எலியின் மீது நடவடிக்கை. கொல்ல நேர்ந்தாலும் அழகிய முறையில் கொல்லுங்கள் என்பது அவர்களின் கட்டளை. நெருப்பால் தண்டிப்பது நெருப்பின் இரட்சகனுக்கே உரியது என்றும் எச்சரித்தார்கள். அப்படியிருக்க, பசை தடவிய அட்டையில் எலியை ஒட்டவிட்டு, இரவெல்லாம் பசியிலும் தாகத்திலும் துடிக்க விடுவது எப்படி அழகிய முறையாகும்?

மாமல்லபுரம், செங்கற்பட்டுப் பக்கத்து வயல்களில் இருளர்கள் வளைக்குள் புகையிட்டு எலி பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அது அவர்களின் பிழைப்பு. பிடித்த எலியை வைத்து அவர்கள் வேடிக்கை செய்து நான் கண்டதில்லை. நானோ செய்திருக்கிறேன். மதரஸாவில் ஓதிய நாளில், பொறியில் அகப்பட்ட எலியைத் தொட்டித் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்து நாங்கள் சிரித்துக் கொண்டிருந்தோம். உஸ்தாத் வந்தார்கள். அடிக்கவில்லை. "வரம்பை மீறியது எது என்று யோசியுங்கள்" என்று மட்டும் சொல்லிப் போய்விட்டார்கள். இருபது ஆண்டுகள் கழிந்தும் அந்தச் சொல் என்னைச் சுடுகிறது. எலிக்கு மறுமையில் கேள்வி இல்லை, எனக்கு உண்டு.

இனி அண்ணனின் கேள்விக்கு வருவோம். ஒரு பூனையைக் கட்டி வைத்து, தானும் உணவு தராமல், பூமியிலுள்ள சிறு பிராணிகளைத் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்தாள் என்பது ஹதீஸ். பிடித்து அடைத்த பின் பட்டினி போட்டதே அவள் செய்த குற்றம். வெளியே திரியும் எலிக்குச் சோறு போடும் கடமை நமக்கில்லை. கூண்டின் கதவை நாம் சாத்திய கணத்திலிருந்து அதன் தாகம் நம் கணக்கில் ஏறுகிறது. ஈரமுள்ள ஈரலுடைய ஒவ்வோர் உயிருக்கு உதவுவதிலும் கூலி உண்டென்ற ஹதீஸ் எலிக்கும் பொருந்தும்.

ஏரிக்கரையில் விடுவதும் விடுதலையல்ல. கூண்டிலேயே பிறந்து வளர்ந்த அந்த வெள்ளை உடல் காக்கைக்கும் பாம்புக்கும் உடனே கண்ணில் படும். ஆணும் பெண்ணுமாகச் சேர்த்து வைத்தாலோ மூன்று வாரத்தில் 6 முதல் 12 குட்டிகள் வரை பிறக்கும், பொறுப்பும் பெருகும். ஆகவே தனித்தனியே பிரித்து வைத்து, வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அதுவரை உணவும் நீரும் சுத்தமும் உங்கள் கடமை என்றேன். நண்பர் ஏற்றுக் கொண்டார். நான் கைகழுவி எழுவதற்குள் பையன் கிண்ணத்தை நிரப்பியிருந்தான்.

பெற்றோர்களே! பிள்ளை ஆசைப்பட்டதும் உயிருள்ள ஒன்றை வாங்கிக் கொடுத்து, சட்டம் நினைவுக்கு வந்ததும் தூக்கி எறியாதீர்கள். வாங்குமுன் கேளுங்கள், வாங்கிய பின் பேணுங்கள். வல்ல அல்லாஹ் நம் கையின் கீழ் உள்ளவற்றுக்கு அநீதி செய்யாமல் நம்மைக் காப்பானாக! ஆமீன்.