வடிவாம்பாளின் பக்கம்

‘தில்லானா மோகனாம்பாள்’ 1968இல் வந்த படம். நான் முதலில் பார்த்தது எங்கள் ஊர்க் கீற்றுக் கொட்டகையில், மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்து. அன்று எனக்கு அது நாகேஷ் படம். சவடால் வைத்தி வந்தால் சிரிப்பு, போனால் தூக்கம். நாயனம் தொடங்கினால் முறுக்கு வாங்க எழுந்து போய்விடுவேன். இதை இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

கல்லூரி நாளில் தொலைக்காட்சியில் பார்த்தபோது அது சிவாஜி, பத்மினி படம். ரயில் பெட்டிக்குள் அத்தனை பேர் நடுவே இரண்டு பேர் கண்ணாலேயே பேசிக்கொள்வதை மூச்சுவிடாமல் பார்க்கிற வயது.

காது திறந்தது அதற்கப்புறம்தான். திரைக்குப் பின்னால் ஊதியவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்று தெரிந்த பிறகு, ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அடுத்த முறை ஒலியைக் குறைத்துவிட்டு சிவாஜியின் விரல்களையும் கன்னத்தையும் மட்டும் பார்த்தேன். ஊதாத மனிதர் எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பது வரை கணக்கு வைத்திருக்கிறார்! திருவிழாவில் வாண வேடிக்கை வெடித்ததும் வாசிப்பை நிறுத்துகிறாரே, சின்ன வயதில் அது வெறும் வீம்பு. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் நாலு பேர் செல்போனைத் தடவத் தொடங்கிய பிறகு அது வீம்பாகத் தெரியவில்லை.

நாற்பதைத் தாண்டியதும் தவில்காரராக வரும் பாலையா. ‘நலந்தானா’ பாட்டில் ஆடுகிறவளும் ஊதுகிறவரும் தங்களுக்குள் பேசிக்கொள்வது தவில்காரருக்குத் தெரிந்துவிடுகிறது. தாளமும் தவறக்கூடாது, தெரிந்துகொண்டதையும் மறைக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் அந்த முகம் படுகிற பாட்டை முப்பது வருஷம் நான் பார்க்கவே இல்லை.

போன மாதம் மறுபடி ஓடியது. இந்த முறை கண் போய் நின்றது பத்மினி நடித்த மோகனாவின் அம்மாவிடம். சி.கே. சரஸ்வதி நடித்த வடிவாம்பாள். கொட்டகையில் பெண்கள் பக்கமிருந்து சாபம் வாங்கிய பாத்திரம். மகளைப் பணக்காரனுக்குக் கட்டி வைக்கத் துடிக்கிற பேராசைக்காரி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கொத்தமங்கலம் சுப்பு, ‘கலைமணி’ என்ற பெயரில் விகடனில் இந்தப் படத்துக்கு மூலமான தொடர்கதையை எழுதியது ஐம்பதுகளில். அதற்குச் சில வருஷம் முன்னால்தான், 1947இல், சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. பொட்டுக் கட்டும் கொடுமை போனது நல்லதுதான். ஆனால் சதிராட்டக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கோயில் மானியமும் போயிற்று, ஆதரித்த மிராசுகளும் போயினர். அப்படிப்பட்ட வீடுகளில் சலங்கையைத் தவிர வேறு சொத்து இல்லாத தாய்மார்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அவர்களில் ஒருத்தியாக நினைத்து வடிவாம்பாளைப் பார்த்தால், பணக்கார மைனர் வீட்டு வண்டி வாசலில் நிற்கும்போது அவள் முகத்தில் வருகிற வெளிச்சம் வேறு மாதிரித் தெரிகிறது. அவள் செய்வது சரி என்று சொல்ல வரவில்லை. மகளின் மனசை அவள் கேட்கவே இல்லை. ஆனால் பசி தெரிந்தவளின் கணக்கு அது.

படம் பார்த்துக்கொண்டிருந்தபோது தரகர் போன் செய்தார். எங்கள் பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம். பையன் நன்றாகப் பாடுவானாம், குணமும் தங்கமாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “சொந்த வீடு இருக்கா?” என்றேன்.

பக்கத்தில் இருந்த மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு திரையில் வடிவாம்பாளைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.