முட்டை எண்ணும் வேலை

கால்நடை ஒட்டுண்ணி ஆய்வகத்தின் சாதனை என்றதும் புது மருந்தைத்தான் நினைக்கிறோம். மருந்து தோற்கத் தொடங்கியதை முதலில் கண்டு சொல்வது அதைவிடப் பெரிய வேலை என்பேன். ஆடுகளின் குடற்புழுவுக்குத் தயாபெண்டசோல் என்ற மருந்து வந்தது 1961-இல்; 1964-இலேயே அதற்கு மசியாத புழுக்களைக் கென்டக்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்துவிட்டார்கள். இதைக் கண்டறியும் வழி பகட்டில்லாதது. ஆட்டுப் புழுக்கையைக் கரைத்து, வடிகட்டி, செறிவான உப்புநீரில் கலந்து மக்மாஸ்டர் கண்ணாடித் தகட்டில் விட்டால் முட்டைகள் மேலே மிதந்து வரும்; கட்டத்துக்குள் தெரிவதை நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். (அந்த அறையின் வாசனையை எந்த ஆய்வுக் கட்டுரையும் சொல்வதில்லை.)

முட்டைக் கணக்கு புழுக் கணக்காகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாதுதான், இளம்புழு முட்டையிடாது. ஆனால் மருந்து கொடுக்கும் முன்பும், இரண்டு வாரம் கழித்தும் எண்ணி ஒப்பிடும்போது, 95 விழுக்காடாவது குறையவில்லை என்றால் மருந்தைச் சந்தேகிக்க இடமுண்டு. இவ்வளவு எதற்கு, மந்தை முழுவதற்கும் மருந்தைப் புகட்டிவிட்டால் போகிறது என்பவர்களும் உண்டு. அங்கேதான் சிக்கல்: மருந்தைத் தாங்கும் புழு மட்டுமே தப்பும், போட்டியில்லாமல் பெருகும். ரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் பெண்புழு ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடக்கூடியது. அதனால்தான், மருந்துக்கு மசியும் புழுக்களும் போட்டிக்கு மிஞ்சட்டும் என்று, சில ஆடுகளுக்கு மருந்தே கொடுக்காமல் விடச் சொல்கிறார்கள். எவற்றை விடுவது என்பதற்குக் ரத்தசோகையைக் காட்டும் கீழிமை உட்புற நிறத்தையோ முட்டைக் கணக்கையோ பார்த்தாக வேண்டும்.