குடையும் கூலியும்

சாரல் காலம். மேற்கே மலைமுகடு மேகப் போர்வைக்குள் மறைந்திருந்தது. தென்காசித் தெருக்களிலே, குற்றாலம் நோக்கிச் செல்லும் வண்டிகள் வரிசை வரிசையாக ஊர்ந்து கொண்டிருந்தன. நாம் பணியாற்றும் பள்ளியில் அன்று ஒரு விழா. ஊர்ப் பெரியவர் ஒருவர், பீடித் தொழிலில் பொருள் ஈட்டியவர், நாற்பது பிள்ளைகளுக்குக் குடை வழங்கினார். கறுப்புக் குடை, அதன் விளிம்பிலே வெள்ளை எழுத்தில் அவர் பெயர். மேடை உண்டு, மாலை உண்டு, படம் பிடிப்போர் உண்டு, புகழுரை உண்டு. புகழுரை ஆற்றியோர் வரிசையில் நாமும் இருந்தோம்.

விழா முடிந்து வகுப்புக்குத் திரும்பினோம். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்தான். கையிலே புதுக்குடை. அவன் கேட்டான்:

"சார், எங்கம்மைக்குக் கழிவு போடாம ஒழுங்கா கூலி குடுத்திருந்தா, இந்தக் கொடைய நாங்களே வாங்கியிருப்போம்லா?"

"உட்காரடா!" என்றோம். அவன் உட்கார்ந்தான். கேள்வி உட்காரவில்லை.

அந்தத் தாய் பீடி சுற்றுபவர். கடையிலே இலையும் தூளும் நிறுத்துக் கொடுப்பார்கள். இலை குறைவாக இருக்கும். கணக்கோ ஆயிரத்துக்குக் குறையக்கூடாது. பற்றாத இலையைக் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை சொளகை மடியில் வைத்துக்கொண்டு, கழுத்து நோக, விரல் தேயச் சுற்றிக் கொண்டு போனால், "இது சரியில்லை, அது சரியில்லை" என்று ஒரு பகுதியைக் கழித்துத் தள்ளுவார்கள். கழித்ததற்குக் கூலி கிடையாது. பீடித் தொழிலாளர்க்கென்று தனிச்சட்டம் 1966-லேயே வந்துவிட்டது. சட்டம் ஏட்டோடு நின்றது; சொளகு அவர் மடியில் இருக்கிறது!

நம் வட்டார வழக்கிலே குடையைக் 'கொடை' என்பார்கள். ஏட்டிலே கொடை என்றால் வள்ளன்மை. அந்தச் சிறுவன் அறியாமலே இரண்டையும் ஒரு சொல்லில் அடக்கிவிட்டான். கூலியைக் குறைத்தவரே கொடையை வழங்கினால், அதற்குப் பெயர் ஈகையா? பறித்ததில் ஒரு துளியைத் திருப்பித் தருவதா? வாங்குபவர் நன்றி சொல்ல வேண்டுமா, கணக்குக் கேட்க வேண்டுமா?

இது ஒரு பள்ளிக்கூடத்துக் கேள்வியன்று, தோழர்களே! உலகத்துக் கேள்வி. செல்வ நாடுகள் ஏழை நாடுகளுக்கு 'உதவி' வழங்குகின்றன. மூட்டையிலே முத்திரை, மேடையிலே முழக்கம். ஏழை நாடு கைகூப்பி நிற்கிறது. அது ஏன் ஏழையாயிற்று என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால், "விதி" என்பார் ஒருவர். "சோம்பல்" என்பார் மற்றொருவர். "வெப்ப நாடு, அப்படித்தான்" என்பார் இன்னொருவர். இந்த மூன்று விடைகளுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. மூன்றுமே கணக்குப் புத்தகத்தைத் திறக்க விடுவதில்லை.

நாம் திறப்போம். தொலைதூரம் போக வேண்டாம். குற்றாலத்திலேயே தொடங்கலாம்.

அருவியிலே நீராடிவிட்டு, கடைவீதியிலே மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கித் தின்கிறோமே, அவை இந்த மண்ணில் பிறந்தவை அல்ல. கடல் கடந்து வந்தவை. மலையடிவாரத் தோட்டங்களிலே நிற்கும் சாதிக்காய் மரமும் கிராம்பு மரமும் அப்படியே. சாதிக்காயின் தாயகம் கிழக்கிந்தியத் தீவுகளான பண்டா. அத்தீவுகளை 1621-இல் டச்சுக் கம்பெனி தாக்கியது. மக்களில் பெரும்பாலோரைக் கொன்றும், பட்டினியிட்டும், அடிமையாக்கியும், சாதிக்காய் வாணிபத்தைத் தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. 1796-இல் ஆங்கிலேயர் அந்தத் தீவுகளைப் பிடித்தனர். அதன் பின்னரே, ஏறத்தாழ 1800-ஐ ஒட்டி, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்திலே நறுமணப் பயிர்த் தோட்டம் அமைத்தது. சாரலில் நனைந்து சிரிக்கும் அந்த மரத்தின் வேரைத் தோண்டினால், உலக வாணிபத்தின் இரத்தக்கறை தெரியும். பண்டா மக்கள் சோம்பேறிகளாக இருந்ததால் அழியவில்லை. அவர்களிடம் விலைமதிப்புள்ள பொருள் இருந்தது, அதனால் அழிக்கப்பட்டார்கள்!

நறுமணப் பொருளின் கதை அது. பருத்தியின் கதையைப் பாருங்கள். நெல்லைச் சீமையின் பருத்தி, 'தின்னவேலி' என்ற பெயர் பூண்டு ஆங்கில நாட்டுச் சந்தைக்குக் கப்பலேறியது. அங்கே நூலாகி, துணியாகி, இங்கே திரும்பி வந்து, நம் தறிகளை ஊமையாக்கியது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவிலே உள்நாட்டுப் போர் நடந்தது. அந்நாட்டுப் பருத்தி வரத்து குன்றியது. நம் பருத்தியின் விலை ஏறியது. உழவன் மகிழ்ந்தான். போர் முடிந்தது, விலை சரிந்தது. விதைத்தவன் இவன், விலை வைத்தவன் எவனோ!

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட தமிழர் ஒருவர் நம் மாவட்டத்துக்கு அண்டையிலே இருந்தார். ஒட்டப்பிடாரத்து வ. உ. சிதம்பரனார், 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நம் கப்பல் ஓடியது. வெள்ளையர் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, இறுதியில், இலவசமாகவே ஏற்றிச் செல்கிறோம், ஆளுக்கொரு குடையும் தருகிறோம் என்றதாம்!

ஆம், குடை! அன்றும் குடைதான்! அந்தக் குடையை வாங்கிய ஏழையை நாம் குறை கூறவில்லை. வெயிலில் வெந்தவன், கிடைத்த நிழலைப் பிடித்தான். ஆனால் அந்த நிழலிலே மூழ்கியது எது? நம் கப்பல்! 1908-இல் சிதம்பரனார் சிறைக்குப் போனார். கம்பெனி நொடித்துக் கலைந்தது. போட்டிக்கு ஆளில்லை என்றான பின், குடை கொடுக்க வேண்டிய தேவை எவருக்கு இருக்கும்?

"இவையெல்லாம் ஆதிக்கக் காலத்துக் கதை, நாடுகள் விடுதலை பெற்றுவிட்டனவே" என்பீர்கள். கொடி மாறியது, தராசு மாறவில்லை. 1950-ஐ ஒட்டி, அர்செந்தீன நாட்டுப் பொருளியலறிஞர் ரவூல் பிரெபிஷ் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். மூலப்பொருள் விற்கும் நாடுகள், ஆலைப்பொருள் வாங்குகின்றன. காலம் செல்லச் செல்ல, விற்கும் பொருளின் விலை வாங்கும் பொருளின் விலையோடு ஒப்பிடத் தாழ்ந்துகொண்டே போகிறது. முன்பு பத்து மூட்டை விற்று வாங்கிய இயந்திரத்துக்கு, பின்பு பதினைந்து மூட்டை விற்க வேண்டும். ஹான்ஸ் சிங்கர் என்ற அறிஞரும் அதே முடிவுக்கு வந்தார்.

பாவூர்ச்சத்திரம் சந்தைக்குப் போய் வந்தவர்க்கு இது புதிய தத்துவமன்று. தக்காளி ஏற்றி வந்த உழவன், அன்றைய விலை என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறான், தானே சொல்வதில்லை. அதே உழவன் உரம் வாங்கப் போனாலும், விலை என்ன என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறான். விற்கும்போதும் கேட்பவன், வாங்கும்போதும் கேட்பவன், எப்படி மேலேறுவான்? உழவனுக்கு நேர்வதே நாட்டுக்கும் நேர்கிறது. உலகக் கோக்கோவில் ஏறத்தாழ பாதியை ஐவரி கோஸ்ட்டும் கானாவும் விளைவிக்கின்றன. கொட்டையாக அனுப்பினால் வரி குறைவு. அரைத்து, இனிப்பாக்கி அனுப்பினால் வரி கூடுதல். "விளைவிப்பது உன் வேலை, சமைப்பது என் உரிமை" என்பது இதன் பொருள். பலகையிலே எழுதி மாட்டாத வருணாசிரமம் அன்றோ இது!

பருத்தியும் தன் பழைய பாட்டையே பாடுகிறது. பெனின், புர்க்கினா பாசோ, சாடு, மாலி ஆகிய நான்கு ஆப்பிரிக்க நாடுகள், 2003-இல் உலக வணிக அமைப்பில் முறையிட்டன. செல்வ நாடுகள் தம் பருத்தி உழவர்க்கு மானியத்தை வாரி இறைப்பதால் உலக விலை விழுகிறது. எம் உழவன் வாழ்வு வீழ்கிறது என்றன. ஒரு கையால் விலையை வீழ்த்தி, மறு கையால் உதவி மூட்டை நீட்டுவது எவ்வகை அறம்? "எங்களுக்கு உதவி வேண்டாம், நேர்மையான வாணிபம் தாருங்கள்" என்பது ஏழை நாடுகளின் பழைய முழக்கம். 1964-இல் ஜெனீவாவில், அந்தப் பிரெபிஷ் செயலாளராக இருந்து நடத்திய ஐ.நா. வாணிப மாநாட்டிலும் அக்குரல் ஒலித்தது.

இனி உதவியின் பக்கம் வருவோம். நாமே வாங்கியவர்கள்தாமே! அமெரிக்கா 1954-இல் இயற்றிய பொதுச்சட்டம் 480-இன்படி, 1956-இல் இந்தியா ஒப்பந்தம் செய்துகொண்டது. கோதுமை வந்தது. கைகுலுக்கும் இரு கரங்களின் முத்திரையோடு மூட்டைகள் வந்தன. தமிழ்நாட்டுப் பள்ளிகளிலே பால் மாவு கரைத்துக் கொடுத்ததை முதியவர்கள் இன்னும் நினைவுகூர்வார்கள்.

1965-இலும் 1966-இலும் மழை பொய்த்தது. 1966-இல் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் வெளியிலிருந்து வந்தது. அப்போது அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சன், கப்பலை மொத்தமாக விடாமல், சிறிது சிறிதாக அளந்து விட்டார். வேளாண் கொள்கையை மாற்று என்றார். வியட்நாம் போரைப் பற்றி இந்தியா பேசிய பேச்சும் அவருக்குக் கசந்தது. அதே 1966 ஜூனில், உதவி தருவோரின் நெருக்குதலுக்கு இடையே, ரூபாயின் மதிப்பும் குறைக்கப்பட்டது. சோறு வந்தது, சொல் போயிற்று!

ஆயினும் நேர்மையாகப் பேச வேண்டும். அந்தக் கோதுமை உயிர்களைக் காத்தது. பசித்தவன் முன் நின்றுகொண்டு, "இது உரிமையன்று, கொடை, ஆகவே உண்ணாதே" என்பவன் பகுத்தறிவாளனல்லன், பாவி! பெரியம்மையை உலகைவிட்டே ஒழிக்க நாடுகள் ஒன்றுகூடிச் செய்த முயற்சியும் உதவிதான். உதவியே தீது என்பது நம் வாதமன்று. வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். இரவச்சத்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். கொடுப்பது உயர்வு என்றவரே, கேட்டு நிற்கும் நிலையை அஞ்சத்தக்கது என்றார். இரண்டுக்கும் நடுவே செங்கோன்மை வேண்டும், முறை வேண்டும். முறை இருக்குமிடத்தில் ஈகைக்கு வேலை குறைவு.

கொடையின் குறை, அது சிறியது என்பதன்று. கொடுப்பவர் மனம் போனபடி நிற்கக்கூடியது என்பதே. தம் நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு 0.7 பங்கை ஏழை நாடுகளுக்குத் தர வேண்டும் என்று ஐ.நா. பொதுப்பேரவை 1970-இல் தீர்மானித்தது. விரல்விட்டு எண்ணத்தக்க நாடுகளே அந்த அளவை எட்டின. 2025-இல் அமெரிக்கா தன் உதவி நிறுவனத்தையே மூடியது. உலகெங்கும் பல மருத்துவமனைகள் மருந்தின்றித் திகைத்தன. கூலியை நிறுத்தினால் வழக்காடலாம். கொடையை நிறுத்தினால் எந்த மன்றத்தில் முறையிடுவது? மறுபுறம், வட்டி மட்டும் நிற்பதில்லை. கல்விக்கோ மருத்துவத்துக்கோ செலவிடுவதைவிட வட்டிக்கு அதிகம் செலவிடும் நாடுகளிலே 330 கோடி மக்கள் வாழ்கின்றனர் என்று ஐ.நா. 2023-இல் கணக்கிட்டது. போவதைக் கடமை என்கிறார்கள். வருவதைக் கருணை என்கிறார்கள்!

"அந்நாட்டு ஆட்சியாளர் ஊழல் செய்கிறார்களே, உதவி எங்கே சேரும்?" என்று கேட்பார் உண்டு. உண்மை, திருடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் திருட்டுப் பணம் எந்த நாட்டு வங்கியில் உறங்குகிறது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். திருடனைப் பிடிப்பது உழவனின் விலையைக் குறைப்பதற்குக் காரணம் ஆகாது.

இவ்வளவும் சொல்லி, வெள்ளையரை நோக்கி விரல் நீட்டி நிறுத்திக்கொண்டால் நாம் பொய்யராவோம். அந்தத் தாயின் இலையைக் குறைத்து நிறுத்தவர் இலண்டனிலிருந்து வந்தவரல்லர், நம் ஊரார். நம் மொழி பேசுபவர், நம் கூட்டங்களுக்கு நன்கொடையும் தருபவர்! குற்றாலத்தில் அருவிக்கரையில் ஏழைக்கு நாணயம் வீசிவிட்டு, அடுத்த கடையில் பழக்காரியிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோமே, அங்கேயும் அதே தராசு. கூலியிலே குறைப்பது, கொடையிலே நிறைப்பது. அதனால் புண்ணியமும் கிடைக்கும் என்று நம்புவது. நாடுகளுக்கு இந்தப் பாடத்தைக் கற்றுக் கொடுத்தவர்கள் தனி மனிதர்களே.

ஆகவே, இளைஞரே, நன்கொடை விழா நடக்கும் இடமெங்கும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: கொடுப்பவர் கணக்கில் நிலுவை ஏதேனும் உண்டா? இல்லையெனில், வாழ்த்துங்கள்; அது ஈகை. உண்டெனில், முதலில் நிலுவை, பிறகு மாலை. பீடிக்கடைத் தராசுக்கும் இதுவே அளவு. ஜெனீவா மன்றத்துக்கும் இதுவே அளவு.

நாம் மேடையிலே புகழ்ந்தோம், வகுப்பிலே அதட்டினோம். இரண்டும் தவறு. மறுநாள் அந்த மாணவனை அழைத்து, பிள்ளைகள் எல்லாரும் கேட்க, "உன் கேள்வி சரி, உட்காரச் சொன்னது பிழை" என்றோம். அவன் சற்றே தயங்கி, "அப்ப கொடையத் திருப்பிக் குடுத்துரணுமா சார்?" என்றான்.

வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது.

"வேண்டாம்; மழைக்குப் பிடித்துக்கொள். உன் அம்மாவின் கூலிக் கணக்கை மட்டும் நாளை எழுதிக்கொண்டு வா, சேர்ந்து பார்ப்போம்" என்றோம்.

கொண்டு வந்தான். வகுப்பில் மேலும் பதினொருவர் கொண்டு வந்தார்கள்.