அடைக்கலமும் அபயமும்

அடைக்கலம், அபயம் என்னும் இரு சொற்களும் தமிழில் பெரும்பாலும் ஒரே பொருளிலேயே வழங்கி வருகின்றன. எனினும், அவற்றிடையே நுண்ணியதொரு வேறுபாடு உண்டு. அடைக்கலம் என்பது புகலிடம். அபயம் என்பதோ, அச்சொல்லின் வடமொழி மூலத்தை நோக்குமிடத்து, பயமின்மையாகும். முன்னையது கொடுப்பவரின் கையில் உள்ளது. கூரையும் உணவும் உடைய எவரும் அதனைக் கொடுத்தல் கூடும். பின்னையது பெறுகின்ற உயிரின் உள்ளத்தில் நிகழ வேண்டியது. அடைக்கலம் கொடுத்தவர், அதற்கு ஈடாக அச்சம் நீங்குதலையும் எதிர்பார்க்கும் உரிமை உடையவரா என்பது சிந்தனைக்குரிய ஓர் ஒழுக்கவியல் வினாவாகும்.

கட்டாக்காலியாய்த் திரிந்த நாயொன்றை இரங்கி வீட்டிற்குக் கொண்டுவரும் ஒரு குடும்பத்தை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். சோறு வைக்கப்படுகின்றது, சாக்கு விரிக்கப்படுகின்றது. நாயோ விறகுக் குவியலின் பின்னே ஒடுங்கிக் கிடக்கின்றது. வாலைக் கால்களிடையே இடுக்கி, முகத்தைத் திருப்பி, உதட்டை நக்கிக்கொள்கின்றது. அருகே சென்றால் உறுமுகின்றது. சில நாட்களில் வீட்டிலுள்ளோர் அதனை 'நன்றிகெட்ட நாய்' என்கின்றனர். நன்றிக்கு உவமையாகக் காட்டப்படும் விலங்கே இங்கு நன்றி கெட்டதாகிவிடுகின்றது.

ஆனால், அவ்வச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1893ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடி தொடர்பான கட்டளைச் சட்டத்தின் கீழ், கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்லுதல் இலங்கையில் நெடுங்காலம் நடைபெற்றது. 2006இல் கொல்லாமைக் கொள்கை அறிவிக்கப்பட்டது. ஆயினும் கல்லெறியும் சுடுநீரும் தெருவிலிருந்து ஒழிந்துவிடவில்லை. நீளுகின்ற கை எறிகின்ற கை என்பதே அந்நாய் கற்ற பாடம். அதன் அச்சம் குணக்கேடன்று. அனுபவத்திலிருந்து அது பெற்ற நியாயமான முடிபே ஆகும்.

நாய்க்கு மனிதன் கடமைப்பட்டவனா என்பது பழைய வினாவே. மகாபாரதத்தின் இறுதியில், தன்னைப் பின்தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புகத் தருமன் மறுக்கின்றான். ஜேர்மன் மெய்யியலாளர் கான்ற் தமது ஒழுக்கவியல் விரிவுரைகளில், நெடுநாள் உழைத்து முதுமையுற்ற நாயைச் சுட்டுக் கொல்பவன் நாய்க்குரிய கடமையில் தவறாவிடினும், தன்னிடத்துள்ள மனிதத் தன்மைக்கு ஊறு செய்கின்றான் என்று வாதித்தார். இவ்விரு நாய்களும் ஏதோ ஒன்றைச் செய்து தகுதி பெற்றவை. தருமனின் நாய் பின்தொடர்ந்தது. கான்றின் நாய் உழைத்தது. விறகின் பின்னே கிடக்கும் நாயோ பின்தொடரவுமில்லை, உழைக்கவுமில்லை. அதற்குரிய கடமை எதிலிருந்து பிறக்கின்றது?

அது மீட்டவரின் செயலிலிருந்தே பிறக்கின்றது எனலாம். தெருவில் அந்நாய்க்கு இருந்த ஒரே செல்வம் ஓட்டம். கல் வந்த திசைக்கு எதிர்த்திசையில் அது ஓடித் தப்பியது. வீட்டிற்குக் கொண்டுவந்தவர் படலையைச் சாத்திய கணத்தில் அச்செல்வத்தையும் பறித்துக்கொண்டார். நன்னோக்குடன் செய்ததாயினும் அது பறித்தலே. ஆகவே, கடன்பட்டது நாயன்று. படலையைச் சாத்தியவரே கடனாளி.

அக்கடனை எவ்வாறு தீர்ப்பது? 1967இல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் ஆகியோர் வெளியிட்ட பரிசோதனைகள் இங்கு நோக்கற்பாலன. தாம் எது செய்தும் நிறுத்தவியலாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்களுட் பெரும்பாலானவை, பின்னர் ஒரு தடுப்பைத் தாண்டினாலே தப்பலாம் என்ற நிலையிலும், தாண்ட முயலாது துன்பத்தைத் தாங்கிக் கிடந்தன. இவை கொடிய பரிசோதனைகள் என்பதில் ஐயமில்லை. செயலின்மையை அந்நாய்கள் கற்றுக்கொண்டன என்பதே அன்றைய விளக்கம். 2016இல் அவ்விருவருமே இதனைத் திருத்தினர். நீடித்த துன்பத்தின்முன் ஒடுங்கிக் கிடத்தல் இயல்பான எதிர்வினை. கற்றுக்கொள்ளப்படுவது, தன் செயலால் நிலைமையை மாற்றலாம் என்பதே என்றனர். இதன்படி நோக்கின், உதவுபவர் மீள அளிக்க வேண்டியது அன்பை மட்டுமன்று. தெரிவு செய்யும் ஆற்றலையுமாகும்.

நாய்களைப் பழக்குவோரின் நடைமுறையும் இதனையே காட்டுகின்றது. ஆளரவம் குறைந்த ஒரு மூலையை அதற்கென ஒதுக்குதல். ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உணவை வைத்துவிட்டு விலகுதல். நேருக்கு நேர் உற்று நோக்காது பக்கவாட்டில் அமர்தல். தடவுவதற்குக் கை நீட்டாது அது வரும்வரை காத்திருத்தல் என்பன எல்லாம் முடிவெடுக்கும் உரிமையை நாயிடமே விடுவனவாகும். உறுமலுக்கு அடித்தல் கூடாது. அடியால் உறுமல் அடங்குமேயன்றி அச்சம் அடங்காது. எச்சரியாது கடிக்கும் நாய் அவ்வாறே உருவாகலாம்.

எனினும், வற்புறுத்தல் முற்றாகத் தகாதது என்று கூறிவிட முடியுமா? மேற்கூறிய ஆய்வாளர்கள், ஒடுங்கிக் கிடந்த நாய்களைக் கயிற்றால் இழுத்துத் தடுப்பைத் தாண்டச் செய்தே, அவை தாமாகத் தப்பக் கற்குமாறு செய்தனர் என 1968இல் அறிவித்தனர். ஆனால் அவை துன்பத்திலிருந்து வெளியேறும் வழிக்கே இழுக்கப்பட்டன. அஞ்சும் நாயை அஞ்சப்படும் மனிதரின் மடிக்கு இழுத்தல் இதற்கு நேரெதிரானது. விசர்நாய்த் தடுப்பூசிக்காக அதனைப் பிடித்து வைத்தலும், வெருண்டு வீதிக்கு ஓடாதபடி கட்டி வைத்தலும் தவிர்க்க முடியாதவை. வற்புறுத்தல் நாயின் உயிருக்காகவா, உதவியவரின் மனநிறைவுக்காகவா என்பதே இங்கு உரைகல்லாகும்.

மனிதர் துயரங்கள் மலிந்த நாட்டில் நாயின் அச்சத்தைப் பற்றி ஆராய்தல் ஆடம்பரம் எனச் சிலர் கூறலாம். மனிதனின் துயரையும் விலங்கின் துயரையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் இங்கு நோக்கமன்று. ஆனால் கொடுப்பவரின் குறைபாடு ஈரிடத்தும் ஒன்றே. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் வீடுவாசல் துறந்து தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். அத்தகைய இடப்பெயர்வுகளை அறிந்த சமூகம், கொடுத்தவர் முன் மலர்ந்த முகத்துடன் நிற்க வேண்டியிருத்தல் எத்துணைப் பாரமானது என்பதையும் அறியும். நாய் அம்முகத்தைப் பொய்யாகக் காட்ட அறியாது. அதனாற்றான் அதன்முன் உதவியின் உண்மைத் தன்மை வெளிப்பட்டுவிடுகின்றது.

இறுதியாக, கடினமான வினா ஒன்று எஞ்சுகின்றது. அந்நாய் ஒருபோதும் நெருங்காவிடின்? பிறந்து மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள பருவமே நாய்க்குட்டி பிறருடன் பழகக் கற்கும் காலம் என்பதை, ஸ்கொட், புல்லர் ஆகியோர் 1965இல் வெளியிட்ட நூல் எடுத்துரைத்தது. அப்பருவத்தில் மனிதரையே அறியாது வளர்ந்த நாய், எவ்வளவு பரிவு காட்டினும் முற்றாகப் பழகாது போகலாம். நம்பிக்கையை விலையாகக் கருதியவர் அப்போது ஏமாந்தவர் ஆகின்றார். கடனை உணர்ந்தவரோ அவ்வாறு ஆவதில்லை. கடன் தீர்ப்பவர் கைம்மாறு கேட்பதில்லை. நாய் விறகின் பின்னிருந்து வெளிவந்த நாளிலும், வாராத நாளிலும், அவர் அதே நேரத்தில் அதே இடத்தில் கோப்பையை வைத்துவிட்டு, சில அடி விலகிப் பக்கவாட்டாக அமர்ந்திருத்தல் வேண்டும்.