ஆசிரியர் வெளியே போன பிறகு

"அந்த சார் அடிச்சதாலதான் நான் இன்னிக்கி ஆளா இருக்கேன்." நம்மூர்க் கல்யாண வீடுகளில், பழைய மாணவர் சந்திப்புகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. இதை மறுக்கவும் எனக்கு மனசு வருவதில்லை, அப்படியே ஏற்கவும் முடிவதில்லை.

1939-இல் குர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட் மூவரும் அமெரிக்காவின் ஐயோவாவில் செய்த ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பத்து வயதையொட்டிய பையன்களின் கைவினைக் குழுக்கள். ஒரு வகைத் தலைவர் எல்லாவற்றையும் தானே முடிவு செய்வார். இன்னொரு வகை, பையன்களோடு பேசி முடிவெடுப்பார். மூன்றாவது வகை, 'உங்க இஷ்டம்' என்று விட்டுவிடுவார். அதிகாரம் செய்த தலைவர் அறையில் இருக்கும்வரை வேலை நன்றாகவே நடந்தது. அவர் வெளியே போனதும் சரிந்தது. கலந்து பேசியவர் போன பிறகும் வேலை பெரிதாகக் குறையவில்லை. இஷ்டத்துக்கு விட்ட குழுவில் வேலை நடந்ததே கம்மி.

எஸ்.பி.எம். இந்த வித்தியாசத்தைக் காட்டாது. பயந்து எடுத்த ஏ-வும் புரிந்து எடுத்த ஏ-வும் சான்றிதழில் ஒன்றுதான். பல்கலைக்கழகத்தில் முதல் செமஸ்டர் வந்தால்தான் தெரியும். அங்கே பாடம் செய்தாயா என்று யாரும் துரத்த மாட்டார்கள். கூடுதல் கணிதத்தில் ஏ எடுத்தவர்கள் அங்கே திணறியதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, கண்டிப்பே தப்பு என்று முடித்துவிடலாமா? முடியாது. தமிழ்ப்பள்ளியிலிருந்து மலாய் வழி இடைநிலைப்பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அப்பா, அம்மா இருவருக்கும் ஷிஃப்ட் வேலை. டியூஷனுக்குக் காசில்லை. அந்தப் பிள்ளையிடம் 'உனக்குப் பிடிச்சதைச் செய்' என்று சொல்வதற்குப் பெயர் சுதந்திரமா? கைகழுவுவதுதான் அது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு வேறு வழி இருக்கு. கடைசி வரிசைப் பிள்ளைக்கு ஆசிரியரை விட்டால் ஆளில்லை. அடியை நன்றியோடு நினைப்பவர்கள்கூட, தன்னை ஒருத்தர் கவனித்தாரே என்பதற்குத்தான் நன்றி சொல்கிறார்களோ என்னவோ.

கட்டுமான இடத்தில் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் பலகை அடித்து முட்டுக் கொடுப்போம். கான்கிரீட் இறுகுவதற்குள் கழற்றினால் தளம் இறங்கிவிடும். ஆனால் கழற்றவே வேண்டாம் என்று நினைத்து யாரும் பலகை அடிப்பதில்லை. ஆசிரியரின் அதிகாரமும் எனக்கு அப்படித்தான் படுகிறது. படிவம் ஒன்றில் அவரே முடிவெடுக்கட்டும். எதை முதலில் படிப்பது, எங்கே தனக்குப் புரியவில்லை, யாரிடம் கேட்பது என்பதைப் படிவம் ஐந்தில் அந்தப் பிள்ளையே சொல்ல முடிய வேண்டும். இடைப்பட்ட வருஷங்களில் அந்த அதிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையின் கையில் கொடுக்காமல் வைத்துக்கொள்வது, எத்தனை ஏ வந்தாலும், நியாயமில்லை. ஏனென்றால் அந்த ஏ-க்களுக்குச் சொந்தக்காரர் பிள்ளையா, பயமா என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

தேர்வு முடிவு வந்ததும் எத்தனை ஏ என்று பள்ளிகளிடம் கேட்கிறோம். இந்த வருஷம் எந்த முடிவைப் பிள்ளைகளிடம் விட்டீர்கள் என்றும் கேட்கலாம்.