பழைய கார்வெட்டில் வாங்கப்படுவது எது?

இளமையில் விரும்பி, வாங்க வழியின்றிக் கைவிட்ட ஒரு பொருளைப் பணம் சேர்ந்த பிற்காலத்தில் ஒருவர் தேடிச் சென்று வாங்கும்போது, அவர் விலை கொடுப்பது அந்தப் பொருளுக்கா, அதை விரும்பிய நாட்களில் தாம் இருந்த நிலைக்கா என்பது எளிதில் விடை காண முடியாத கேள்வியாகும். நிலமும் நகையும் வாங்குவோரிடம் இக்கேள்வியை யாரும் கேட்பதில்லை. அவற்றின் பயன் கண்கூடாக இருப்பதால் வாங்குபவரின் மனத்தைத் துருவ வேண்டிய தேவை எழுவதில்லை. ஆனால் அமெரிக்காவில், ஓய்வு பெறும் வயதை எட்டிய ஒருவர், அறுபது ஆண்டுகளுக்கு முன் தயாரான, இருவர் மட்டுமே அமரக்கூடிய, கன்வர்ட்டிபிள் எனப்படும் கூரை மடங்கும் கார் ஒன்றைப் புதுக் காரின் விலையை விடக் கூடுதலாகக் கொடுத்து வாங்கும்போது, இக்கேள்வியைத் தவிர்க்க இயலாது. அந்நாட்டில் இவ்வாறு தேடப்படும் கார்களுள் முதலிடம் பெறத் தக்கது செவர்லே கார்வெட்.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் புது மாதிரிகளை நகரம் நகரமாகக் கொண்டு சென்று காட்டிய மோட்டோரமா என்னும் கண்காட்சி 1953 ஜனவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் தொடங்கியபோது, வடிவமைப்புத் துறைத் தலைவர் ஹார்லி ஏர்லின் மேற்பார்வையில் உருவான இந்தக் கார் முதன்முறையாக மக்கள் பார்வைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூன் மாத இறுதியில் மிச்சிகன் மாநிலத்து ஃப்ளின்ட் நகரில் உற்பத்தி தொடங்கி, ஆண்டு முடிவதற்குள் 300 கார்கள், அனைத்தும் வெள்ளை வண்ணத்திலும் சிவப்பு உட்புறத்தோடும், ஏறக்குறையக் கைவேலையாகவே கட்டப்பட்டன. கண்ணைக் கவர்ந்த அந்த வடிவத்திற்குள் இருந்தவை வியப்புக்குரியவை அல்ல: 150 குதிரைத்திறன் கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சின், பந்தயக் கார் விரும்பிகள் எள்ளி நகையாடிய இரண்டே நிலை கொண்ட தானியங்கிக் கியர்பெட்டி, வெளிப்புறக் கைப்பிடி இல்லாத கதவுகள், ஏற்றி இறக்கும் கண்ணாடிக்குப் பதிலாக மழை வந்தால் எடுத்துச் செருகிக்கொள்ள வேண்டிய பக்கத் திரைகள். விலையோ 3,498 டாலர். 1954-இல் 3,640 கார்கள் கட்டப்பட்டு அவற்றில் பல விற்காமல் தேங்கியதால், 1955-இல் உற்பத்தி 700 ஆகச் சுருங்கியது. அதே 1955-ஆம் ஆண்டு மாதிரியாக ஃபோர்டு வெளியிட்ட தண்டர்பேர்ட் 16,000-க்கும் மேல் விற்றது. அன்று வாங்க ஆளில்லாமல் கிடந்த அந்த முதல் வரிசைக் கார்களே இன்று சேகரிப்பாளர்கள் போட்டியிட்டு வாங்கும் கார்கள் என்பதை நினைவில் கொண்டால், பழம்பொருளின் மதிப்புக்கும் அதன் திறத்துக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு மெலிந்தது என்பது விளங்கும்.

கார்வெட்டைக் காப்பாற்றியவர்களுள் முதன்மையானவர், பிரஸ்ஸல்ஸில் ரஷ்யப் பெற்றோருக்குப் பிறந்து, மோட்டோரமாவில் அதைக் கண்டு மயங்கி, செவர்லேவுக்குக் கடிதம் எழுதி வேலையில் சேர்ந்த பொறியாளர் சோரா ஆர்கஸ்-டன்டாவ். 1955-இல் எட்டு சிலிண்டர் எஞ்சினும், 1957-இல் கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருளைத் தெளித்துச் செலுத்தும் ஏற்பாடும் வந்து, கார் தன் தோற்றத்திற்கு ஈடான வேகத்தைப் பெற்றது. 1963-இல் ஸ்டிங் ரே என்ற பெயரில் முற்றிலும் புதிய வடிவம் வெளிவந்தது. அவ்வாண்டு கன்வர்ட்டிபிளின் தொடக்க விலை 4,037 டாலர். இதற்கிடையில் 1960 முதல் 1964 வரை சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'ரூட் 66' என்ற தொடரில் இரண்டு இளைஞர்கள் கூரை மடங்கும் கார்வெட்டில் ஏறி, வேலை தேடியும் வேடிக்கை பார்த்தும் ஊர் ஊராகச் சுற்றினர். நான்கு ஆண்டுகள் வீட்டுக்கூடத்தில் அமர்ந்து அதைப் பார்த்த பதினைந்து வயதுப் பையன்களுக்கு அந்தக் கார் ஒரு வாகனமாக மட்டும் தோன்றியிருக்காது. அப்பனுக்கும் ஆசிரியருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒரு வாழ்க்கையாகவே அது தோன்றியிருக்கும். அன்று அவர்களால் அதை வாங்க முடியவில்லை. வாங்க முடிந்தபோது அவர்களே பதில் கேட்கும் அப்பன்களாகிவிட்டார்கள்.

இவ்வாறு பிந்தி வரும் ஆசைக்கென ஒரு சந்தை உண்டு. அந்தச் சந்தைக்கென ஓர் அறிவுத்துறையும் உண்டு. அதன் மையக் கருத்து 'மேட்சிங் நம்பர்ஸ்', அதாவது எண் பொருத்தம் என்பதாகும். எஞ்சின் கட்டையின் முன்புறம், வலப்பக்கச் சிலிண்டர் தலைக்குச் சற்று முன்னால், இழைத்துச் சமப்படுத்திய சிறு திட்டு ஒன்று இருக்கும். எஞ்சின் பூட்டப்பட்ட நாளும் அதன் வகையும் அதில் முத்திரையிடப்பட்டிருக்கும், அறுபதுகளில் காரின் தொடர் எண்ணும் அதனுடன் சேர்ந்தது. அந்த எண்ணும் காரின் அடையாளத் தகட்டிலுள்ள எண்ணும் ஒத்திருந்தால், தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட எஞ்சினே இன்றும் காரில் உள்ளது என்று கொள்ளப்படுகிறது. ஒத்திராவிட்டால், ஓட்டத்தில் எள்ளளவும் வேறுபாடு இல்லாத அதே கார் கணிசமாக விலை குறைகிறது. இவ்வளவு பணம் ஒரு முத்திரையில் அடங்கியிருப்பதால், பழைய எண்ணை இழைத்து நீக்கிவிட்டுப் புதிய எண்ணைப் பொறிப்பவர்களும், தொழிற்சாலை இயந்திரம் அத்திட்டில் விட்டுச்சென்ற நுண்கோடுகள் அழியாமல் இருக்கின்றனவா என்று உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து ஆராய்பவர்களும் தோன்றியுள்ளனர். 1967 முதல் தொழிற்சாலையில் பெட்ரோல் தொட்டியின் மேற்புறம் ஒட்டப்பட்ட, அந்தக் காரில் என்னென்ன பொருத்த வேண்டும் என்று அச்சிட்ட தாளைத் தேடித் தொட்டியையே இறக்கிப் பார்ப்போரும் உண்டு. பாதி மக்கிய அந்தக் காகிதம் கிடைத்தால் காரின் மதிப்பு உயரும். மைல் காட்டும் கருவியின் சாட்சியோ இவற்றினும் பலவீனமானது; ஐந்து இலக்கமே கொண்ட அது ஒரு லட்சம் மைலைத் தொட்டதும் பூச்சியத்திலிருந்து மீண்டும் தொடங்கிவிடும்.

1974-இல் தொடங்கப்பட்ட தேசிய கார்வெட் மீட்டமைப்போர் சங்கம் இந்த நாட்டத்தை ஒரு முறையான தேர்வாகவே வகுத்திருக்கிறது. அதன் நடுவர்கள் கார் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளில் எவ்வாறு இருந்ததோ அவ்வாறு இருக்கிறதா என்றே பார்க்கிறார்கள். நூற்றுக்கு 94 மதிப்பெண் பெற்றால் உயர்ந்த விருது. இதன் விளைவு விந்தையானது: அன்றைய தொழிலாளி அவசரத்தில் சிதறவிட்ட வண்ணத் தெறிப்பும், பரிசோதகர் சுண்ணக்கட்டியால் கிறுக்கிய அடையாளமும், சரியாகப் பொருந்தாத இடைவெளியும் கூட, பெரும் பொருட்செலவில், மிகுந்த கவனத்துடன் திரும்பச் செய்யப்படுகின்றன. கவனக்குறைவைக் கவனமாகப் போலி செய்வது கைத்திறனின் உச்சம் என்று ஒருவர் பாராட்டலாம். காலம் கடந்ததை ஏற்க மறுக்கும் மனத்தின் பிடிவாதம் என்று கொள்வதே பொருத்தம். அந்தத் தெறிப்பு நிகழ்ந்த நாளில் அந்தக் காருக்கு வயது ஒன்றுமில்லை. அதைப் போலி செய்யும் நாளில் காரும் முதிர்ந்துவிட்டது, அதன் உடைமையாளரும் முதிர்ந்துவிட்டார்.

அடையாளத்தைத் தகட்டிலும் முத்திரையிலும் வைப்பதன் ஆபத்தைக் கான்சஸ் மாநிலத்து வழக்கு ஒன்று வெளிச்சமிட்டது. வேறு மாநிலத்தில் 1959-ஆம் ஆண்டுக் கார்வெட் ஒன்றை வாங்கி வந்து பதிவு செய்ய முனைந்த ஒருவரின் கார் பறிமுதல் செய்யப்பட்டது. காரணம், முன்னொரு காலத்தில் அதைப் புதுப்பித்தவர்கள் அடையாளத் தகட்டைக் கழற்றி மீண்டும் மாட்டியிருந்தார்கள் என்பதே. அவர் குற்றமற்றவர் என்பதை அரசுத் தரப்பே ஒப்புக்கொண்ட பின்னும், அன்றைய சட்டப்படி அந்தக் கார் அழிக்கப்பட வேண்டியதாயிற்று. 2022-இல் மாநிலச் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்திய பிறகே காருக்கு விடிவு பிறந்தது. சக்கரமும் எஞ்சினும் உடலும் கண்முன் நிற்க, ஒரு தகட்டின் ஆணிகளைக் கொண்டு காரே இல்லை என்று தீர்ப்பளிக்க முயன்ற அந்தச் சட்டத்தின் தருக்கமும், எண் பொருத்தத்தை வழிபடும் சேகரிப்பாளரின் தருக்கமும் அடிப்படையில் வேறல்ல.

இதற்கு மாறான ஒரு முடிவையும் இங்கே குறிப்பிட வேண்டும். கெண்டக்கி மாநிலம் பவுலிங் கிரீன் நகரிலுள்ள தேசிய கார்வெட் அருங்காட்சியகத்தின் தரை 2014 பிப்ரவரி 12 அன்று உள்வாங்கி, நிலத்தடியில் திறந்த பள்ளத்தில் எட்டுக் கார்கள் விழுந்தன. மூன்று கார்கள் செப்பனிடப்பட்டன. மற்ற ஐந்தும், சரிசெய்தால் பழையது ஏதும் எஞ்சாது என்ற நிலையில், நசுங்கிய கோலத்திலேயே பார்வைக்கு வைக்கப்பட்டன. நேர்ந்ததை மறைக்காத அந்த ஐந்து நொறுங்கிய குவியல்களில், தொழிற்சாலைக் குறைகளைப் போலி செய்த கார்களில் இல்லாத நேர்மை இருக்கிறது.

பழைய கார்வெட்டின் உடல் கண்ணாடியிழையால் ஆனது; அது துருப்பிடிக்காது. இதை மட்டும் கேட்டு மகிழ்ந்து வாங்குவோர் ஏமாறுவது இயல்பு. 1963 முதல் வந்த கார்களில் முன்கண்ணாடியையும் கதவுத் தூண்களையும் சூழ்ந்து, அந்த உடலுக்குள் மறைந்து நிற்கும் எஃகுக் கூடு ஒன்று உண்டு. அமெரிக்கர் அதைப் பறவைக்கூண்டு என்பர். கண்ணாடி ஓரத்தில் கசியும் மழைநீர் அந்தக் கூட்டுக்குள் தேங்கி அதை உள்ளிருந்தே அரிக்கும். அடிச்சட்டத்தின் பின்பகுதியும் அவ்வாறே துருவேறும். வெளியே மெருகு மின்னிக்கொண்டிருக்க, உள்ளே எலும்பு இற்றுப்போயிருக்கும். எஞ்சினை மாற்றுவது ஒரு வேலை மட்டுமே. கூட்டை மாற்றுவதென்றால் காரையே பிரிக்க வேண்டும். ஆகவே முத்திரை எண்ணுக்குச் செலவிடும் கவனத்தில் பாதியைத் துருவுக்குச் செலவிட்டாலே பலருக்குப் பெருநட்டம் தவிரும்.

எண் ஒத்த, விருது பெற்ற கார் ஒன்றை வாங்கியவருக்கு அதன்பின் நேர்வது என்ன? ஓட்டும் ஒவ்வொரு மைலும் மதிப்பைத் தேய்க்கும் என்ற அச்சத்தால் அது மூடிய வண்டியில் ஏற்றப்பட்டுக் கண்காட்சிக்குக் கண்காட்சி பயணம் செய்கிறது. ரூட் 66 சாலையில் காற்று முகத்தில் அறைய ஓட்டவேண்டும் என்று ஏங்கிய பையன், அதே காரைக் கண்ணாடிக் கூடத்தில் பூட்டிவைத்துக் காவல் காக்கும் முதியவராக மாறுவதை வெற்றி என்று சொல்ல இயலாது. சந்தையில் 'டிரைவர்' என்று அழைக்கப்படும் தரம் ஒன்றுண்டு. எஞ்சினோ கியர்பெட்டியோ மாற்றப்பட்டு, வண்ணம் ஒன்றிரண்டு முறை பூசப்பட்டு, ஆனால் நன்றாக ஓடக்கூடிய கார்களை அப்பெயர் குறிக்கிறது. விலை குறைவு என்பதால் அவை இழிந்தவை என்று கருதப்படுகின்றன. ஆனால் பழைய ஆசைக்கு நியாயம் செய்பவை அவையே.

அந்த ஆசையையே மூடத்தனம் என்று ஒதுக்குவோரும் உண்டு. அவர்கள் கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. பவர் ஸ்டியரிங் இல்லாத காரைத் திருப்பத் தோள்வலு வேண்டும். 1965-க்கு முந்தையவற்றில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே. தோளுக்குக் குறுக்கே வரும் பாதுகாப்பு வார் கிடையாது. எஞ்சின் வெப்பம் கால்மாட்டில் தகிக்கும். இவற்றை அறிந்தே ஒருவர் விரும்பினால் அதில் மூடத்தனம் ஏதுமில்லை. இளமை திரும்பும் என்று நம்பி வாங்குவதுதான் தவறு. அந்த வயதில் கிடைக்காத ஓர் ஓட்டத்தை இந்த வயதின் உடலோடும் எச்சரிக்கையோடும் அனுபவிக்க வாங்குவது முறையே.

எனவே வாங்க எண்ணுவோர், விற்பவர் நீட்டும் ஆவணக் கோப்பைப் பிரிக்கும் முன் ஒரு கைவிளக்கோடு காருக்கு அடியில் படுத்துச் சட்டத்தையும் கூட்டையும் பார்க்கட்டும்; பின்னர், கூரையை மடித்துவிட்டு, கோடை நண்பகலில் நெரிசல் மிகுந்த சாலையில் ஒரு மணி நேரம் தாமே ஓட்டட்டும். அதற்குப் பின்னும் இறங்க மனம் வராவிட்டால், எஞ்சின் எண் ஒத்திராவிட்டாலும் அந்தக் காரை வாங்கலாம்.