விளம்பரப் படமும் வியாபார அமானத்தும்

வியாபாரம் செய்வோர் தம் சரக்கைப் பற்றி நாலு பேருக்குத் தெரியப்படுத்துவது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமல்ல. தெருமுனையில் நின்று கூவி விற்றவர்கள் உண்டு. நோட்டீஸ் அச்சடித்து ஜும்ஆ முடிந்து வருவோர் கையில் கொடுத்தவர்கள் உண்டு. இப்பொழுது அந்த வேலையை ஒரு நிமிடப் படம் செய்து விடுகிறது. வீட்டிலேயே பிரியாணி மசாலா அரைத்து விற்கும் தாய்மாரும், புர்கா தைத்து வெளியூருக்கு அனுப்பும் சகோதரியரும், அத்தர்க் கடைக்காரரும், உம்ராவுக்கு அழைத்துச் செல்லும் டிராவல்ஸ்காரரும் செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் போட்டு விடுகிறார்கள். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் அதற்கென்றே இருக்கும் வீடியோகாரர்களை அழைத்து எடுக்கிறார்கள்.

இதில் மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்கும் அன்பர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே கேட்கிறார்கள். உருவப் படம் கூடுமா? பின்னணியில் இசை சேர்க்கலாமா? படத்தைப் பற்றி ஆலிம் பெருமக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை யாவரும் அறிவர். அவரவர் தாம் பின்பற்றும் ஆலிமிடம் கேட்டுத் தெளிவதே முறை. இசையும், சரக்கை விற்பதற்குப் பெண்களின் அழகைக் காட்டுவதும் வேண்டாதவை என்பதில் பேணுதலான நம் குடும்பங்களுக்கு ஐயம் இருக்காது. எனவே அவற்றை இங்கே நீட்டவில்லை.

நம்மை உறுத்துவது யாரும் கேட்காத மூன்றாவது கேள்வி. பிஸ்மில்லாஹ்வோடு தொடங்கி, இசையின்றி, ஒரு பெண்ணின் நிழல்கூட விழாமல், ஒரு பொய்ச் சொல்லும் பேசாமல் எடுக்கப்பட்ட படம், பார்ப்பவரை ஏமாற்ற முடியுமா? முடியும் என்றால் அதன் பாவம் எங்கே இருக்கிறது?

பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு நாள் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்றபோது அதனுள் தம் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் தட்டியது. இது என்ன என்று வியாபாரியிடம் வினவினார்கள். மழையில் நனைந்து விட்டது என்றார் அவர். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். முஸ்லிம் ஷரீஃபில் வரும் இந்தச் செய்தியை நாம் பலமுறை பயான்களில் கேட்டிருக்கிறோம். ஆனால் ஒரு நுணுக்கத்தைக் கவனித்தோமா? அந்த வியாபாரி தானியத்தில் தண்ணீர் ஊற்றவில்லை. மழை பெய்தது அவர் குற்றமல்ல. சரக்கு காய்ந்தது என்று அவர் வாய் திறந்து சொன்னதாகவும் அந்தச் செய்தியில் இல்லை. மேலே இருந்த தானியமும் அவர் தானியந்தான். காய்ந்தது மேலேயும் நனைந்தது கீழேயும் இருந்த அந்த அமைப்பிலேயே குற்றம் இருந்தது.

வீடியோ என்பது முழுக்க முழுக்க அமைப்புத்தானே! எதை மேலே வைப்பது, எதைக் கீழே மறைப்பது, எந்த நொடியை வைத்துக் கொள்வது, எதை வெட்டி எறிவது என்பதே அந்தத் தொழில். புர்கா அணிவித்த பொம்மையின் முதுகுப் பக்கம் நான்கு கிளிப் மாட்டி, முன்பக்கம் கச்சிதமாகத் தைத்தது போல் காட்டுவார்கள். இறைச்சித் துண்டின்மேல் எண்ணெய் தடவிப் பளபளக்கச் செய்வார்கள். ஒரு சட்டியில் இருபது துண்டு கறி வேண்டுமானால் இருபதையும் மேலே அடுக்கிச் சோற்றைக் கீழே தள்ளுவார்கள். இதில் எதுவும் பொய்ப் பொருளல்ல.

மேல்நாட்டிலும் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1960-களின் இறுதியில் அமெரிக்காவில் காம்ப்பெல் சூப் விளம்பரத்துக்காகக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டார்கள். காய்கறித் துண்டுகள் அமிழாமல் மேலே நின்றன. சூப்பு நிறையக் காய்கறி இருப்பது போல் தோன்றியது. அரசின் வர்த்தக ஆணையம் தலையிட்டு 1970-இல் அதற்கு முடிவு கட்டியது. அதற்கு முன்பே 1965-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு ஷேவிங் கிரீம் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. உப்புத்தாளையே சிரைத்துக் காட்டுவதாக வந்த விளம்பரம் அது. உண்மையில் சிரைக்கப்பட்டது உப்புத்தாள் அல்ல. மணல் ஒட்டிய பிளாஸ்டிக் பலகை. நிஜ உப்புத்தாளையும் அப்படிச் சிரைக்கலாம், ஆனால் சுமார் 80 நிமிடம் ஊற வேண்டும். சொல்லும் செய்தி உண்மையாகவே இருந்தாலும், கண்ணால் பார்த்த சாட்சியம் என்று வேறொன்றைக் காட்டுவது ஏமாற்று என்றது நீதிமன்றம்.

நம் ஷரீஅத்தில் இதற்கு முன்னோடி உண்டு. ஆட்டையும் ஒட்டகத்தையும் விற்பனைக்கு முன் சில நாள் கறக்காமல் விட்டு, மடி பருத்துத் தோன்றச் செய்வதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள். அப்படி வாங்கி ஏமாந்தவர் கறந்து பார்த்த பின், வைத்துக் கொள்ளவும் ஒரு ஸாஉ பேரீச்சம் பழத்தோடு திருப்பித் தரவும் உரிமை பெறுகிறார் என்பது நபிமொழி. (திருப்பித் தருவதன் சட்ட விவரத்தில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு, தடையில் வேறுபாடில்லை.) மடியில் இருந்ததும் அந்த ஆட்டின் பால்தான். கண்ணுக்குச் சொல்லப்பட்ட பொய்யும் பொய்யாகவே எண்ணப்பட்டது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் வியாபார ஒழுக்கம் பற்றிய பகுதியில், துணியின் நல்ல பக்கத்தை விரித்துக் காட்டி மறுபக்கத்தை மறைப்பதையும், இருட்டான இடத்தில் வைத்துத் துணி விற்பதையும், ஜோடிச் செருப்பில் நல்லதை மட்டும் நீட்டுவதையும் மோசடி என்றே எழுதியுள்ளார்கள். அக்காலத்தில் இருட்டு குறையை மறைத்தது. இக்காலத்தில் வெளிச்சம் மறைக்கிறது. வட்ட விளக்கை முகத்துக்கு நேரே வைத்தால் துணியின் நெசவுக் குறையும் தெரியாது, சாயத்தின் உண்மை நிறமும் தெரியாது.

இங்கே ஒருவர் மறுத்துப் பேசலாம். கடையைக் கூட்டிப் பெருக்குவதும், சரக்கைத் துடைத்து அழகாக அடுக்குவதும் கூடாதா? அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறவன் அல்லவா? கூடும். துடைத்த சரக்கு வாங்குபவர் வீட்டுக்கும் துடைத்த சரக்காகவே போகிறது. கிளிப் மாட்டிய புர்கா கிளிப்போடு போவதில்லை. பார்சலைப் பிரிக்கும் சகோதரி, நான் பார்த்தது இதைத்தான் என்று சொல்வாரா என்பதே நமக்குத் தெரிந்த அளவுகோல். இது கறாரான அளவுகோல்தான். இதன்படி நடந்தால் சில ஆர்டர்கள் குறையவும் செய்யும். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

இவ்வளவு கறார் ஏன் என்பதற்கு ஃபிக்ஹிலேயே காரணம் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபியீ மத்ஹபின் வலுவான தீர்ப்புப்படி, குறிப்பிட்ட ஒரு பொருளைக் காணாமலே வாங்குவது செல்லாது. உள்நாட்டு ஊர்களில் பரவலாக உள்ள ஹனஃபி மத்ஹபில் செல்லும். ஆனால் பார்த்த பின் வேண்டாமென்று சொல்லும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. இரண்டு வழியிலும், வாங்குபவரின் கண்ணுக்கு இமாம்கள் எத்தனை மதிப்புக் கொடுத்தார்கள் பாருங்கள்! இன்று திருச்சியிலிருக்கும் பெண் ஆம்பூரில் உள்ள சரக்கை நம் படத்தின் வழியாகத்தான் பார்க்கிறார். அவருடைய கண்ணை நம்மிடம் அமானத்தாகத் தந்திருக்கிறார்.

விற்பவர்கள் இதை அறியாதவர்களும் அல்லர். பார்சலில் குறை என்று சொன்னால் சில கடைக்காரர்கள் என்ன கேட்கிறார்கள்? பிரிக்கத் தொடங்கியது முதல் கடைசி வரை எங்கும் நிறுத்தாமல், வெட்டாமல் எடுத்த வீடியோ வேண்டும் என்கிறார்கள். வெட்டிய படம் சாட்சியாகாது என்று அவர்களுக்கே தெரிகிறது! வாங்குபவரிடம் கேட்கும் அந்த நேர்மையைத் தம் விளம்பரத்திற்கு அவர்கள் வைத்துக் கொள்வதில்லை. அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, அளந்து கொடுக்கும்போது குறைப்போருக்குக் கேடுதான் என்று திருமறையின் 83-ஆம் அத்தியாயம் தொடங்குவது நினைவுக்கு வருகிறது.

வாடிக்கையாளர் பேசுவதாக வரும் காட்சிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மச்சானையும் கொழுந்தனையும் வரிசையில் நிறுத்தி, கடையில் கூட்டம் அலைமோதுவதாகக் காட்டுகிறார்கள். வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிக் கேட்டு மற்றவரை மயக்கும் நஜ்ஷு என்ற செயலை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இது அதன் தம்பி என்பது நம் எண்ணம். காசு வாங்கிக் கொண்டு புகழ்ந்து பேசுவது இன்னும் கடினமானது. பெரும் பாவங்களை எடுத்துரைத்த ஒரு சபையில், சாய்ந்திருந்த பெருமானார் (ஸல்) அவர்கள், பொய்ச் சாட்சியம் என்று வந்ததும் நிமிர்ந்து அமர்ந்து, இனிச் சொல்ல மாட்டார்களா என்று தோழர்கள் ஏங்குமளவு அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சுவைத்துப் பார்க்காத குழந்தையை மடியில் வைத்து "சூப்பர்" என்று சொல்லப் பழக்குகிறார்களே, அந்தக் குழந்தை கற்றுக்கொள்வது என்ன? காசு பெற்றுப் பேசினால் அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று விளம்பரத் துறையினர் 2021-இல் தாங்களே விதி செய்து கொண்டார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஏமாற்று விளம்பரத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சட்டத்தின் கண்ணுக்குச் சின்னக் கடைகள் தப்பலாம். நாம் பேசுவது வேறு கணக்கு.

உம்ரா விளம்பரங்களைத் தனியே எடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. மசாலா சரியில்லை என்றால் நஷ்டம் நூறு ரூபாய். இங்கே நஷ்டம் வேறு. ஓட்டல் அறையின் திரைச்சீலையை விலக்குகிறார்கள். சன்னலில் மக்கா மணிக்கூண்டு பெரிதாகத் தெரிகிறது. பார்க்கும் முதியவர் கண்ணில் நீர் வந்து விடுகிறது. ஹரம் ஷரீஃப் இதோ இருக்கிறது என்று எண்ணிக் கொள்கிறார். அந்தக் கோபுரத்தின் உயரம் 601 மீட்டர். பல கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் அது தெரியும். அதிலும் தொலைவைச் சுருக்கிக் காட்டும் லென்ஸைப் போட்டால் கைக்கெட்டும் தூரம்தான். டிராவல்ஸ்காரர் பொய் சொன்னாரா? இல்லை. அந்தச் சன்னலில் அந்தக் கோபுரம் தெரியத்தான் செய்கிறது.

"ஹரமிலிருந்து 500 மீட்டர்" என்ற எழுத்தும் கீழே ஓடும். எங்கிருந்து எதுவரை? வெளி முற்றத்தின் ஓரம் வரையா, தவாஃப் செய்யும் இடம் வரையா? பள்ளியின் விரிவு அறிந்தவர்களுக்கு இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். அஜ்யாத் பகுதியின் சில தெருக்களில் ஏற்றமும் இறக்கமும் உண்டு. நேர்கோட்டில் அளந்தவர் அதைச் சொல்வதில்லை. அஸீஸிய்யாவில் இறங்கினால் பஸ்ஸை எதிர்பார்த்துத்தான் இருக்க வேண்டும். முழங்கால் வலியுள்ள ஒரு தாய், சீட்டுப் பணமும் மகன் அனுப்பியதும் சேர்த்துப் பல்லாண்டு காத்திருந்து போகிறார். முதல் நாள் நடக்கிறார். இரண்டாம் நாள் மக்ரிபும் இஷாவும் மட்டும். பிறகு பல வக்துகளை ஓட்டல் அறையிலேயே தொழுது விட்டுத் திரும்புகிறார். அந்தப் பள்ளியில் ஒரு தொழுகைக்கு மற்ற இடத்தில் ஒரு இலட்சம் தொழுகையின் நன்மை என்று கேட்டு வளர்ந்தவர் அவர். அவரிடமிருந்து எடுக்கப்பட்டதை எந்த நுகர்வோர் மன்றம் திருப்பித் தரும்?

எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், நாம் மட்டும் விலகி நின்றால் கடையை மூட வேண்டியதுதான் என்பார்கள். கூஃபாவில் துணி வியாபாரம் செய்த இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களுக்கும் போட்டிக் கடைகள் இருந்திருக்கும். குறையுள்ள துணி ஒன்றைக் கூட்டாளியிடம் கொடுத்து, குறையைச் சொல்லி விற்கும்படி கூறியிருந்தார்கள். கூட்டாளி மறந்து விற்று விட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. வந்த பணம் முழுவதையும் இமாம் அவர்கள் தர்மம் செய்து விட்டதாக வரலாற்றில் காண்கிறோம். மறந்து போனதற்கே இப்படி!

வீடியோ எடுக்கும் தொழிலில் நம் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். முதலாளி சொன்னார், எடுத்தோம் என்று அவர்கள் கை கழுவ முடியாது. பாவத்திற்குத் துணை போகாதீர்கள் என்பது திருமறையின் கட்டளை. ஆனால் அவர்களால் நல்லதும் செய்ய முடியும். புர்காவை ஒரு தடவை வாசல் வெளிச்சத்தில், கிளிப் இல்லாமல், முன்னும் பின்னும் காட்டட்டும். மசாலாவை வாங்குபவர் வீட்டு அடுப்பு போன்ற அடுப்பிலேயே சமைத்துக் காட்டட்டும். உம்ராவுக்கு ஆள் சேர்ப்பவர், ஓட்டல் வாசலில் செல்போனை இயக்கி, ஒரு முதியவரின் நடையில், இஷா முடிந்த கூட்டத்தினூடே ஹரத்தின் வாயில் வரை நிறுத்தாமல் எடுத்துக் காட்டட்டும். இருபத்தைந்து நிமிடம் ஆனால் ஆகட்டும். ஓட்டிக் காட்டுவதானால் ஓரத்தில் கடிகாரம் தெரியட்டும். தூரத்து ஓட்டலாதலால் வாடகை குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அந்த விலைக்கு அவ்வளவு தூரம் நடக்கத் தயாரான வாலிபர்கள் நிறைய இருக்கிறார்கள். அந்தத் தாயின் மகனும் படத்தைப் பார்த்து விட்டு, பணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, உம்மாவுக்கு மட்டும் பக்கத்தில் பாருங்கள் பாய் என்று போன் செய்வான்.